கொச்சிக்குத் திரும்பி வந்த வெங்கடாசலபதி

மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு, சுக்கு மண்டிகளில் கணக்கெழுதுவோருக்கும், மூட்டை தூக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் 'டி.டி. கோயில்' என்ற பெயர் புதிதல்ல. செரளாயிப் பகுதியில் உள்ள இக்கோயிலைத் திருப்பதி தேவஸ்தானத்தின் கிளை என்று எண்ணிக்கொள்வோர் உண்டு. அது சரியல்ல. கொச்சி திருமலை தேவஸ்வம் என்பதன் சுருக்கமே டி.டி. உள்ளே எழுந்தருளியிருப்பவர் வெங்கடாசலபதிதான். ஆனால் கோயிலைக் கட்டிக் காத்து வருபவர்கள் கொங்கணி பேசும் கௌட சாரஸ்வத பிராமணர்கள். தமிழர்களைப் போலவே அவர்களும் வெளியூரிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள்தான்.

1510-ல் போர்த்துக்கீசியர் கோவாவைக் கைப்பற்றினர். 1540-க்குப் பிறகு அங்கே கோயில்கள் இடிக்கப்பட்டன. 1560-ல் மத விசாரணை மன்றமும் வந்து சேர்ந்தது. வீடு வாசலை விட்டுத் தெற்கே வந்த கொங்கணிக் குடும்பங்களுக்குக் கொச்சி மன்னர் இடம் கொடுத்தார். கொடுங்கல்லூரிலிருந்து வந்த யூதர்களுக்கும் அரண்மனையை ஒட்டியே இடம் கிடைத்தது. அவர்களுடைய ஜெபாலயம் எழுந்தது 1568-ல். இதில் ஒரு விந்தை உண்டு. எந்தப் போர்த்துக்கீசியருக்கு அஞ்சி கொங்கணியர் ஓடி வந்தார்களோ, அதே போர்த்துக்கீசியரின் கோட்டை கொச்சியில் கூப்பிடு தூரத்தில் இருந்தது!

வெங்கடாசலபதியின் பிரதிஷ்டை 1599-ல் நடந்தது. இவ்விக்கிரகம் முன்பு விஜயநகர மன்னர்களின் பூஜையில் இருந்தது என்பதும், கும்பகோணத்து மத்வ மடத்தின் விஜயீந்திர தீர்த்தர் வழியாகக் கொச்சிக்கு வந்தது என்பதும் ஐதீகம். அந்த வகையில் காவிரிக்கரைக்கும் இக்கோயிலுக்கும் பழைய உறவு இருக்கிறது.

பெருமாள் அமைதியாக இருந்த காலம் நீளவில்லை. 1662-ல் டச்சுக்காரர்கள் கொச்சியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியதும், எதிரிக்கு உதவினார்கள் என்று போர்த்துக்கீசியர் யூதத் தெருவைச் சூறையாடினர். கோயிலும் தப்பவில்லை. மறு ஆண்டே டச்சுக்காரர் மீண்டும் வந்து கோட்டையைப் பிடித்தனர். அவர்கள் காலத்தில் கொங்கணி வணிகர் செழித்தனர். வணிகர் மட்டுமல்ல, வைத்தியர்களும் இச்சமூகத்தில் இருந்தார்கள். மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றி டச்சுத் தளபதி வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலுக்கு ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்கள் துணை நின்றனர். 1675-ல் அவர்கள் நாகரி எழுத்தில் எழுதிக் கொடுத்த சான்று, ஆம்ஸ்டர்டாமில் அச்சான அந்நூலில் இன்றும் காணக் கிடைக்கிறது.

அடுத்த அடி சொந்த ஊர் அரசரிடமிருந்தே விழுந்தது. கொங்கணியர் மீது தங்களுக்கே அதிகாரம் என்று டச்சுக்காரர்கள் ஒப்பந்தம் காட்டினர். அவர்களிடம் வரி கேட்கத் தமக்கு உரிமை உண்டு என்றார் சக்தன் தம்புரான். திருச்சூர் பூரத்தைத் தொடங்கி வைத்து மலையாளிகளின் அன்பைப் பெற்றவர் இவர். கொங்கணியரின் நினைவிலோ இவருக்கு வேறு முகம். 1791-ல் அவருடைய ஆட்கள் கடைகளைக் கொள்ளையிட்டனர். தேவரேச கிணி உள்ளிட்ட வணிகத் தலைவர்கள் கொல்லப்பட்டனர். எஞ்சியவர்கள் வெங்கடாசலபதியை எடுத்துக்கொண்டு திருவிதாங்கூர் எல்லைக்குள் தப்பினர். திவான் ராஜா கேசவதாஸ் ஆலப்புழையைத் துறைமுக நகராக வளர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வியாபாரம் தெரிந்தவர்களுக்கு அங்கே வரவேற்பு இருந்தது. பெருமாளுக்கும் அங்கே கோயில் அமைந்தது.

தமிழ்நாட்டுக் கோயில்களில் மூலவர் பெரும்பாலும் கல்லில் அமைந்தவர், அஷ்டபந்தனம் சாத்தி நிலைநிறுத்தப்பட்டவர், இடம் பெயர்வதில்லை. ஆபத்துக் காலத்தில் வெளியேறியவர்கள் உற்சவர்களே. 1323-ல் ஸ்ரீரங்கத்தை விட்டுப் புறப்பட்ட அழகிய மணவாளர் 1371-ல்தான் திரும்பினார். மட்டாஞ்சேரியிலோ பிரதான மூர்த்தியே பக்தர்களோடு ஊரை விட்டுப் போனார். ஊரில் தங்கியவர்களுக்கும் பின்னால் திரும்பியவர்களுக்கும் அது தீராத குறையாக இருந்தது. சக்தன் தம்புரான் 1805-ல் காலமான பிறகும் ஆலப்புழைக்காரர்கள் மூர்த்தியைத் திருப்பித் தரவில்லை. தருவார்களா? அறுபது ஆண்டுகளில் அங்கே இரண்டு தலைமுறை அவரையே குலதெய்வமாக வணங்கி வளர்ந்திருந்தது. நெருக்கடியில் அடைக்கலம் கொடுத்ததும் அவ்வூர்தான்.

கடைசியில் 1853-ல் விக்கிரகம் ரகசியமாகக் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டது. மட்டாஞ்சேரியில் அது திருநாள். ஆலப்புழையில் அதற்குப் பெயர் திருட்டு. இரு ஊராரும் ஒரே மொழி பேசுபவர்கள், ஒருவருக்கொருவர் உறவினர்கள். ஆகவே எது நியாயம் என்று வெளியார் தீர்ப்புச் சொல்வது எளிதல்ல.

இன்று மட்டாஞ்சேரியில் ஆண்டுக்கு இருமுறை ஆறாட்டு உற்சவம் நடைபெறுகிறது. அந்நாட்களில் செரளாயித் தெருக்களில் மலையாளத்தைவிடக் கொங்கணியே அதிகம் கேட்கும். ஆலப்புழைக் கோயிலும் மூடப்படவில்லை. அங்கே வேறொரு வெங்கடாசலபதி பிரதிஷ்டை செய்யப்பட்டுப் பூஜை நடந்து வருகிறது. எர்ணாகுளத்தில் வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டாஞ்சேரிப் பெருமாளைச் சேவித்துவிட்டு பஸ் ஏறினால், மாலைக்குள் ஆலப்புழைப் பெருமாளையும் சேவித்துத் திரும்பலாம்.