உடலின் காவலர்களைத் தூண்டும் மருந்துகள்

நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் உயிரைக் காக்கும் அதேவேளை, கலங்களைச் சிதைக்கும் பொருட்களையும் உடலினுள் தோற்றுவிக்கின்றது. இவற்றை முறியடிக்கும் நொதியங்கள் நமது கலங்களிலேயே உள்ளன. வெளியிலிருந்து நோயைத் தாக்குவதற்குப் பதிலாக, இக்காவலர்களையே மருந்தினால் பெருகச் செய்ய முடியாதா என்ற வினா ஆய்வாளர்களைப் பல தசாப்தங்களாக ஈர்த்து வந்துள்ளது.

1992 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் போல் தலாலேயின் குழுவினர், புரொக்கொலியிலுள்ள சல்பொராபேன் எனும் பொருள் இந்நொதியங்களை அதிகரிக்கச் செய்வதைக் கண்டறிந்தனர். நொதியங்களை உற்பத்தி செய்யும் மரபணுக்களை இயக்குவது என்.ஆர்.எப்.2 எனும் புரதமாகும். சாதாரண வேளைகளில் கீப்1 எனும் மற்றொரு புரதம் அதனைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடுகின்றது. இப்பிடியைத் தளர்த்துவதே இவ்வகை மருந்துகளின் பணியாகும்.

கோட்பாடு அழகானது, அனுபவமோ கசப்பானது. நீரிழிவினால் சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 2,185 பேரிடம் பார்டொக்சொலோன் எனும் மருந்து பரிசோதிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆய்வில் சிறுநீரகச் செயற்பாடு மேம்பட்டதாகப் பரிசோதனை அளவீடுகள் காட்டியிருந்தன. எனினும், மருந்து பெற்றவர்களில் 96 பேர் இதயச் செயலிழப்பினால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர் அல்லது மரணமடைந்தனர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் இத்தொகை 55 மட்டுமே. 2012 ஒக்டோபரில் ஆய்வு இடைநிறுத்தப்பட்டது.

இதனால் முயற்சி முற்றாகத் தோற்றுவிட்டதென்று கூறுவதற்கில்லை. இதே பாதையைத் தூண்டும் டைமீதைல் பியூமரேற் நரம்புறை சிதைவு நோய்க்கு 2013 இலும், ஒமாவெலொக்சொலோன் பிரீட்ரைக் அற்றாக்சியா எனும் பரம்பரை நரம்பு நோய்க்கு 2023 இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஆயினும், சில நுரையீரல் புற்றுநோய்க் கலங்கள் இதே காவல் பொறிமுறையைத் தம் வசப்படுத்தி, சிகிச்சையிலிருந்து தப்பிக்கொள்வதும் அறியப்பட்டுள்ளது. காவலன் நண்பனையும் பகைவனையும் பிரித்தறிவதில்லை.

'நோயெதிர்ப்பை வளர்க்கும்' என்ற விளம்பரத்தை நம்பி மாத்திரைகளை வாங்கி விழுங்கும் நாம் கருத்திற்கொள்ள வேண்டியதும் இதுவே. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பீற்றா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைக் குறைப்பதற்குப் பதிலாக 18 சதவீதத்தால் அதிகரிக்கச் செய்தமை 1994 இல் வெளியானது. பரிசோதனை அளவீடு மேம்படுவது வேறு. நோயாளி நலமடைவது வேறு. வைத்தியரின் ஆலோசனையின்றி, குறிப்பாக நீரிழிவும் சிறுநீரக நோயும் உடையோர், இத்தகைய மாத்திரைகளை நாடாதிருப்பதே விவேகமாகும்.