தேய்ந்த மரப்படிகளைச் செப்பனிடும் முறை

நம் சங்க அங்கத்தினர்களின் பழைய வீடுகள் சிலவற்றில் மச்சுக்கு ஏற மரப்படிகள் உண்டு. நெசவாளர் இல்லத்தில் நூலும், விவசாயி இல்லத்தில் விதை மூட்டைகளும் அவற்றின் வழியாகவே மேலே செல்கின்றன. திருமுடிவாக்கத்து மக்களுக்கு இதில் மற்றொரு காரணமும் உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திறக்கப்படும்போது எச்சரிக்கை பெறும் ஊர்களுள் இதுவும் ஒன்று. 2015 டிசம்பர் முதல் நாளன்று தாம்பரத்தில் சுமார் 49 செ.மீ. மழை பெய்தது. கீழே வெள்ளம் புகும் வேளையில் பொருளையும் உயிரையும் காப்பது மேலே ஏறும் படியேயாகும். ஆகவே, மெருகைவிட உறுதியே முதலில் கவனிக்கத்தக்கது.

படியின் நடுப்பகுதியும் முன் விளிம்புமே முதலில் தேயும். விளிம்பு வழுவழுப்பாக உருண்டுவிட்டால் சுமையுடன் இறங்குபவரின் கால் நழுவும். வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்த்தல் வேண்டும். வெற்றொலி கேட்டாலோ, குத்தூசி எளிதில் உள்ளே இறங்கினாலோ, அங்கு உளுப்போ கறையானோ இருக்கக்கூடும். அத்தகைய பலகையை மாற்றுவதே முறை. அதன்மேல் வர்ணம் பூசுவது குறையை மறைப்பதாகுமேயன்றித் தீர்ப்பதாகாது.

ஆடும் படிக்கு அடியில் ஒரு தாங்குகட்டை வைத்துத் திருகாணியால் முடுக்கலாம். துருத்திய ஆணித் தலைகளை உள்ளே அடித்து இறக்கவேண்டும். ஆழமாகத் தேய்ந்த பலகை அடிப்புறம் பழுதின்றி இருப்பின், அதைக் கழற்றித் திருப்பிப் போடலாம். அல்லது தேய்ந்த விளிம்பை அறுத்தெடுத்து, அதே இன மரத்துண்டைப் பசையாலும் திருகாணியாலும் பொருத்தலாம். எப்படிச் செய்தாலும் படிகளின் உயரம் ஒன்றுபோல் இருத்தல் அவசியம். ஒரு படி மட்டும் உயர்ந்திருந்தால் பழகிய காலும் இடறும். புதிய படிக்கட்டு அமைப்போர், வீடுகளில் படியின் உயரம் 19 செ.மீ.க்கு மிகாமலும், அகலம் 25 செ.மீ.க்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என்ற தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவைப் பின்பற்றலாம்.

அடுத்தது சுத்தம் செய்தல். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2016-இல் பிறப்பிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியாக்குதல் கூடாது, நனைத்துச் சுரண்டவேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது. மரம் நன்கு உலர்ந்தபின், நார் ஓடும் திசையில் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிடவேண்டும்.

பூச்சு வேலைக்கு மழையற்ற மாதங்களே ஏற்றவை. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, மரம் உறிஞ்சாத மிகுதியைத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்தபின் மறுமுறை தடவுதல் எளிய வழி. அரக்கு மெருகு நீர் பட்டால் வெளுக்கும், மெழுகோ வழுக்கும். இரண்டும் படிக்கு ஏற்றவையல்ல. ஒன்றுவிட்டு ஒரு படியாகப் பூசினால் வீட்டார் ஏறி இறங்கத் தடையிராது.

இங்கு ஓர் எச்சரிக்கையை வலியுறுத்த விரும்புகிறோம். ஆளிவிதை எண்ணெய் காற்றுடன் கலந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்தால் அவ்வெப்பம் வெளியேறாமல் சேர்ந்து, நெருப்பு வைக்காமலே துணி தீப்பற்றக்கூடும். நூலும் பஞ்சும் உள்ள வீட்டில் இதனால் நேரக்கூடிய நஷ்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. துணிகளை நீர் நிறைந்த தகரப் பாத்திரத்தில் அமிழ்த்துக, அல்லது வெளியே தனித்தனியே விரித்து உலர்த்துக.

பின்னர்ப் பராமரிப்பு எளிது. மரத்தை அரிப்பது காலோடு வரும் மணல். அதை நாள்தோறும் பெருக்கித் தள்ளவேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையின் மரப்படிகளில் ஏறுவோர் காலணியைக் கழற்றிவிட்டே செல்கின்றனர். அவ்வழக்கம் நம் வீட்டுக்கும் நன்று. படியில் நீரைக் கொட்டிக் கழுவாமல் பிழிந்த துணியால் துடைத்தல் போதும். படிக்கட்டின் அடிப்பாகம் ஈரத்தரையில் படாமல் கல்லின்மேல் நிற்கட்டும்.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே ஒரு நாளை ஒதுக்கி ஒவ்வொரு படியையும் சோதித்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.