தங்கைக்கு வந்த சீட்டு

சென்னையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால், மதுரவாயலைத் தாண்டி வேலப்பன்சாவடி வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் வெளியூர் போவதானால் பெரும்பாலும் அந்தச் சாலைக்குத்தான் வருகிறார்கள். அதற்காக, சாலையில் போகிறவர்களெல்லாம் வேலப்பன்சாவடிக்காரர்கள் என்பீர்களா? ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் போகிறவர்கள் எத்தனை பேர்!

இது தெரியாதா என்று சிரிக்காதீர்கள். இதே தவற்றை ஆஸ்பத்திரியில் நாம் செய்கிறோம்.

மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் அது. அங்கே மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் ஒன்று நடப்பதாக வைத்துக் கொள்வோம். உங்கள் தங்கைக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. அடுத்த வீட்டு மாமி கூப்பிட்டாள், போனாள். மூன்றாம் நாள் சீட்டு வருகிறது: 'சந்தேகம் இருக்கிறது, மறுபடி வரவும்.'

"நோய் இருந்தால் தவறாமல் காட்டிவிடுமாமே, அக்கா! எனக்குக் காட்டிவிட்டதே!" என்று அழுகிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது.

பாலை இறக்கிவிட்டு, பென்சிலும் காகிதமும் எடுங்கள். அவளைப் போலத் தொந்தரவில்லாத பெண்கள் 1,000 பேர். (எண்கள் கணக்குக்காக நான் வைத்துக் கொண்டவை.) 5 பேருக்கு நோய்; ஐவருக்கும் சீட்டு வந்துவிடும். மீதி 995 பேருக்கு நோயில்லை. ஆனால் அவர்களிலும் நூற்றுக்கு 4 பேருக்குப் பரிசோதனை தவறாகச் சந்தேகம் காட்டினால், அது சுமார் 40 பேர். ஆக, சீட்டு வாங்கியவர்கள் 45, நோயுள்ளவர்கள் 5. ஒன்பதில் ஒருத்தி!

நோய் இருந்தால் சீட்டு வரும் என்பது வேறு. சீட்டு வந்தால் நோய் இருக்கும் என்பது வேறு. கணித நூல்களில் இதற்கு 'நிபந்தனை நிகழ்தகவு' என்று கடுமையான பெயர். தாமஸ் பேய்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் இதைப்பற்றி எழுதி வைத்துவிட்டு 1761-இல் காலமானார். நண்பர் ரிச்சர்ட் பிரைஸின் முயற்சியால் 1763-இல் அது ராயல் சொஸைட்டியில் வாசிக்கப்பட்டது.

நீங்களோ மொட்டை மாடியில் வடாம் காயப் போடும்போதே இந்தக் கணக்கைப் போடுகிறீர்கள்! ஐப்பசியில் ஒரு கருமேகம் தென்பட்டால் ஓடிப்போய் எடுக்கிறீர்கள். பங்குனியில் அதே மேகத்தைச் சட்டை செய்வதில்லை.

அப்படியானால் சீட்டைக் கிழித்துப் போடலாமா? கூடாது. அந்த 45 பேரும் வேறு வகைப் பரிசோதனை ஒன்றுக்குப் போகட்டும். அதுவும் முன்போலவே நூற்றுக்கு 4 தான் தவறும் என்றால், நோயில்லாத 40 பேரில் சந்தேகம் தங்குவது ஒருவர் அல்லது இருவரிடம்தான். நோயுள்ள ஐவரும் அகப்பட்டுவிடுவார்கள். இந்தச் சீட்டு முன்னதைவிடப் பன்மடங்கு கனமானது.

கையில் கட்டி தட்டுப்பட்டுப் போகிறவளுக்கு மட்டும் இந்த 'ஒன்பதில் ஒன்று' செல்லாது. அவள் அந்த ஆயிரம் பேரில் சேர்ந்தவள் அல்ல. அவளைப் போன்றவர்களில் நோயுள்ளவர்கள் அதிகம். அவள் முகாமுக்காகக் காத்திராமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். தங்கையை நாளைக் காலையில் நீங்களே அழைத்துப் போங்கள். வழியில் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டே போகலாம்.