முறையிடாத கண்

ஒரு கண்ணின் பார்வை மங்கியே வளரும் மூன்று வயதுக் குழந்தை, தனக்குக் குறை உண்டென்று எவரிடமும் சொல்வதில்லை. இரு கண்களாலும் தெளிவாகக் காண்பது எத்தகையது என்பதையே அறியாத அது, எதனோடு எதை ஒப்பிட்டு முறையிடும்? ஓடுகிறது, ஆடுகிறது, தரையில் சிந்திய பாசிமணியையும் பொறுக்குகிறது. நல்ல கண்ணொன்றே அத்தனை காரியங்களுக்கும் போதுமாயிருப்பதால், பெற்ற தாய்க்கும் சந்தேகம் எழ இடமில்லை. ஆகவேதான், குறையற்றதாகத் தோன்றும் குழந்தைக்கும் பள்ளிப் பிராயத்துக்கு முன்பே கண் பரிசோதனை அவசியமாகிறது.

சோம்பல் கண் என்று வைத்தியர்கள் வழங்கும் இக்குறை, நூறு குழந்தைகளில் ஏறத்தாழ இரண்டு மூன்று பேருக்கு உண்டு. ஒரு கண்ணுக்கு மட்டும் தூரப்பார்வைக் கோளாறு மிகுந்திருந்தாலோ, கண் சற்றே மாறியிருந்தாலோ, அதிலிருந்து வரும் பிம்பத்தை மூளை நாளடைவில் புறக்கணித்துவிடுகிறது. ஹியூபல், வீசல் என்னும் விஞ்ஞானிகள், பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைச் சில காலம் தைத்து மூடிப் பின் திறந்தபோது, கண் பழுதின்றி இருந்தும் மூளையின் பார்வைப் பகுதி அதை ஏறக்குறைய மறந்தே போயிருந்தது. வளர்ந்த பூனைக்கோ அத்தகைய தீங்கு நேரவில்லை. 1981-இல் நோபல் பரிசு பெற்ற அவர்களது ஆராய்ச்சி உணர்த்துவது, பார்வை பழகுவதற்கும் ஒரு பருவம் உண்டு என்பதே. மனிதக் குழந்தைக்கு அப்பருவம் ஏறத்தாழ ஏழெட்டு வயது வரை. அதன் பின்னர் சிகிச்சை முற்றிலும் வீணாவதில்லையெனினும் பலன் குறைகிறது.

எழுத்தறியாத பிள்ளையை எவ்வாறு சோதிப்பது? பின்லாந்து தேசத்துக் கண் மருத்துவர் லேயா ஹூவாரினென் அம்மையார், ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்னும் நான்கே உருவங்களைக் கொண்டு ஓர் அட்டையை அமைத்தார். பார்வையின் எல்லையைத் தாண்டியதும் நான்கும் ஒன்றுபோலவே மங்கிவிடுமாறு அவை வரையப்பட்டிருப்பதால், குழந்தை ஊகித்துத் தப்ப வழியில்லை. பேசக் கூச்சப்படும் பிள்ளை, கையிலுள்ள அட்டையில் அதே உருவத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். ஆனால் கண்களைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். விரலால் பொத்தினால் இடுக்கு வழியே எட்டிப் பார்க்கும் சாமர்த்தியம் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டாகையால், ஒட்டுப்பட்டையே உத்தமம். ஒரு கண்ணை மறைக்கையில் சும்மா இருந்து, மற்றதை மறைக்கையில் அழுது கையைத் தட்டிவிடும் குழந்தையை அலட்சியம் செய்யலாகாது.

குறை தெரிந்தால் முதற்சிகிச்சை மூக்குக் கண்ணாடி. அது போதாதபோது நல்ல கண்ணை மறைத்துச் சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுக்கிறார்கள். மிதமான குறைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மறைப்பதும் ஆறு மணி நேரம் மறைப்பதும் ஏறத்தாழச் சமபலனே தருவதாக 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது, பிள்ளையோடு போராடும் தாய்மார்களுக்குப் பெரிய ஆறுதல்.

நம் தேசத்தில் 2013-இல் தொடங்கிய சிறார் நலத்திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து கண்ணையும் பார்க்க வேண்டும். அன்று குழந்தையைத் தவறாமல் அனுப்புவது பெற்றோர் கடமை. மாறுகண் அதிர்ஷ்டம் என்னும் வீட்டுப் பேச்சை நம்பிக் காலங்கடத்துவது பெருந்தீங்கு. கண்பாவையில் வெண்மை தென்பட்டாலோ எந்த முகாமுக்கும் காத்திராமல் உடனே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அது கண்புரையாயிருக்கலாம், உயிரைப் பறிக்கவல்ல விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம்.