விலை காதுக்குக் கேட்குமா?

தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. மன்னார் வளைகுடா முத்துகளை வணிகர்கள் முதலில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். 20 துளை உள்ளது முதல் 1000 துளை உள்ளது வரை. ஒரே பருமனுள்ளவற்றைப் பிரித்த பிறகே நிறமும் ஒளியும் பார்த்து விலை மதிப்பார்கள்.

ஒலிக் கருவிகளுக்கும் இந்த ஒழுங்கு தேவை. கடையில் மலிவான ஆம்ப்ளிஃபயரையும் விலையுயர்ந்ததையும் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். ஒன்று அரை டெசிபல் உரக்க ஒலித்தால், 'சத்தம் அதிகம்' என்று பெரும்பாலும் தோன்றாது. 'தெளிவு அதிகம்' என்றே தோன்றும். விலைச் சீட்டைப் பார்த்துவிட்டாலோ, மனம் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடும்!

1987இல் 'ஸ்டீரியோ ரெவ்யூ' என்ற அமெரிக்க இதழ் ஒரு சோதனையை வெளியிட்டது. சுமார் 220 டாலர் கருவியும் 12,000 டாலர் கருவியும் அதில் இருந்தன. ஒலியளவைச் சமமாக்கி, ஒலிப்பது எது என்பதை மறைத்தபோது, விடைகளில் ஏறத்தாழப் பாதியே சரி. காசு சுண்டிச் சொன்னாலும் பாதி சரியாகுமே!

நீங்களும் செய்து பாருங்கள். இரண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர் இருக்கட்டும். மாறாத ஒரு சுருதியை ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து, 1 சதவீதத்திற்குள் சமமாக்குங்கள். பிறகு நண்பர் திரைமறைவில் காசு சுண்டி, விழுந்தபடி இணைப்புக் கொடுக்கட்டும். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்டு எனலாம். வெறும் ஊகத்தால் அப்படி நேரும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கே.

ஸ்பீக்கர்களின் கதை வேறு. கூம்பும் பெட்டியும் மாறினால் ஒலியும் மாறும். காது அதை எளிதில் அறியும். ஆகவே, வீட்டுப் பணத்தை அங்கே செலவிடுங்கள்.