வெல்லாதவர்களின் பட்டியல்

தேசிய விருதைக் கணிக்க ஆசைப்படுகிறவர், படம் தியேட்டருக்கு வந்த தேதியை ஒதுக்கிவிட்டுத் தணிக்கைச் சான்றிதழின் தேதியைப் பார்க்க வேண்டும். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை சான்றிதழ் வாங்கிய படங்கள்தாம் அந்த ஆண்டுப் போட்டிக்குரியவை. ‘ஆடுகளம்’ 2011 பொங்கலுக்கு வந்த படம். ஆனால் 2010-ஆம் ஆண்டுக்கான 58-ஆவது தேசிய விருதுகளில் ஆறு விருதுகளை அள்ளியது. ‘தாரை தப்பட்டை’ 2016 பொங்கலுக்கு வந்தது. அதன் பின்னணி இசைக்கு இளையராஜா வாங்கியது 2015-ஆம் ஆண்டுக்கான விருது. ‘டூலெட்’, ‘பாரம்’ இரண்டும் தியேட்டருக்கு வருமுன்பே சிறந்த தமிழ்ப் படம் என்று அறிவிக்கப்பட்டுவிட்டன. தியேட்டர் வாசலில் நின்று மட்டும் கணிக்கிறவரால் இந்த இரண்டையும் எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

நான் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். வருஷம் முடிகிற சமயத்தில், கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அந்த வருஷப் படங்களை எழுதி, எந்தப் பிரிவில் எது நிற்கும் என்று குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கடைக்கு வரும் இளவட்டங்கள் அதை வாங்கிப் பார்த்து மல்லுக்கு நிற்பார்கள். இந்தப் பக்கத்தில் இது அதிசயமில்லை. போடியிலிருந்து தேவாரம் தாண்டினால் பண்ணைப்புரம், இளையராஜாவின் ஊர். தேனி அல்லிநகரம் பாரதிராஜாவின் ஊர். வைகை அணைக்காக மேட்டூர் என்ற கிராமத்தை விட்டு வடுகபட்டிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை வைரமுத்து. இயக்குநர் பாலாவும் எங்கள் மாவட்டத்துக்காரர். விருது அறிவிக்கும் நாளில் இங்கே டீக்கடைகளில் டிவி முன்னால் கூட்டம் நிற்பதற்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை.

58-ஆவது விருதுகள் 2011 மே மாதம் அறிவிக்கப்பட்டன. எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு அப்படி ஒரு நாள் அதற்கு முன்பும் பின்பும் வந்ததில்லை என்பேன். தேனி வட்டாரத்து ஆட்டுக்கிடைகளையும் ஆடு திருட்டையும் வைத்து சீனு ராமசாமி எடுத்த ‘தென்மேற்குப் பருவக்காற்று’ சிறந்த தமிழ்ப் படம். அதில் தாயாக வந்த சரண்யா பொன்வண்ணன் சிறந்த நடிகை. பாடலுக்கு வைரமுத்து. குரங்கணி மலையடிவாரத்தில் எடுத்த ‘மைனா’வுக்காகத் தம்பி ராமையா சிறந்த துணை நடிகர். கணிப்பவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இதில் இருக்கிறது. அம்மா வேடம் என்றாலே துணை நடிகை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அந்தப் படத்தைத் தோளில் சுமந்தவர் வீராயி என்ற அந்தத் தாய்தான் என்று நடுவர்கள் பார்த்தார்கள். யார் பெயர் போஸ்டரில் பெரிது என்று பார்க்காமல், யாரை எடுத்துவிட்டால் கதை நிற்காது என்று பார்க்க வேண்டும்.

போடி ஏல மையத்தில் காயின் சாம்பிள் கைக்கு வரும். நிறம் பச்சையாக இருக்கிறதா, காய் எட்டு மில்லியா ஏழா, லிட்டர் எடை எத்தனை கிராம் என்று பார்த்து, கிலோ என்ன விலைக்குப் போகும் என்று பழகியவர்கள் மனதுக்குள் சொல்லிவிடுவார்கள். ஆனால் அன்றைக்கு வாங்க உட்கார்ந்திருப்பவர்கள் யார், அவர்கள் எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று தெரியாவிட்டால் அந்தக் கணிப்பு பாதிதான். விருதிலும் சரக்கு ஒரு பாதி, வாங்குகிறவர் மறுபாதி.

சரக்கைப் பிரிவு பிரிவாகப் பார்க்க வேண்டும். ‘பரதேசி’ வந்தபோது எல்லோரும் நடிப்பைப் பற்றியே பேசினார்கள். தேசிய விருது போனது பூர்ணிமா ராமசாமியின் ஆடை வடிவமைப்புக்கு. தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போகும் ஏழை சனங்களின் முரட்டுத் துணி அந்தப் படத்தில் பேசாத ஒரு பாத்திரம். 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் பாடல்களுக்கு ஒன்றும் பின்னணி இசைக்கு ஒன்றுமாக இரண்டு விருதுகள் கொடுத்தார்கள். பாடல்களுக்கு ‘தேவ் டி’ படத்தின் அமித் திரிவேதி, பின்னணிக்கு ‘பழசிராஜா’வின் இளையராஜா. இப்படிப் பிரிவுகள் மாறுவதைக் கவனிக்காதவர் இசை விருதைக் கணிக்கவே முடியாது.

வாங்குகிறவர்கள் விஷயத்தில் ஆஸ்கருக்கும் நமக்கும் தூரம் அதிகம். அமெரிக்காவின் அகாடமியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நடிகர்களை நடிகர்களும், ஒளிப்பதிவாளர்களை ஒளிப்பதிவாளர்களும் நாமினேட் செய்வார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்தவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி எழுத வேண்டும். ஒரு பிரிவில் 600 சீட்டுகள் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். இடங்கள் ஐந்து. ஐந்தோடு ஒன்றைக் கூட்டி 600-ஐ வகுத்தால் 100. அதற்கு மேல் ஒன்று, 101. அத்தனை பேர் முதலிடத்தில் எழுதிய பெயர் உடனே உள்ளே வந்துவிடும். ஐந்நூறு பேருக்கு ஓரளவு பிடித்து, நாலாம் இடத்திலும் ஐந்தாம் இடத்திலும் எழுதப்பட்ட படம் வெளியே நிற்கலாம். நூற்றுச் சொச்சம் பேர் உயிராக நேசிக்கும் படம் உள்ளே வந்துவிடும். ஆகவே அங்கே கணிப்பவர்கள், எல்லோரும் பாராட்டும் படத்தைவிட, சிலர் சண்டை போட்டுத் தாங்கும் படத்தைத் தேடுவார்கள். அதோடு நடிகர் சங்கம், இயக்குநர் சங்கம், தயாரிப்பாளர் சங்கம் முன்கூட்டிக் கொடுக்கும் விருதுகளைப் பார்ப்பார்கள். அங்கே ஓட்டுப் போடுகிறவர்களில் பலர் அகாடமியிலும் ஓட்டுப் போடுகிறவர்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான்: ஓட்டுப் போடுகிறவர் படத்தைப் பார்த்தாரா? 2025-இல் அகாடமி ஒரு விதி கொண்டுவந்தது. இறுதிச் சுற்றில் ஒரு பிரிவுக்கு வாக்களிக்க வேண்டுமானால், அதில் நாமினேஷன் பெற்ற எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும். இத்தனை காலம் கழித்து இப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்றால், அதுவரை நடந்ததை நாமே யூகித்துக்கொள்ளலாம்.

பண்ணைப்புரத்துக்காரரின் இசையோடு ஆஸ்கர் வாசல்வரை போன இந்தியப் படங்களைச் சொல்கிறேன்: ‘சுவாதி முத்யம்’, ‘நாயகன்’, ‘அஞ்சலி’, ‘தேவர் மகன்’, மலையாளத்து ‘குரு’, ‘ஹே ராம்’. ஆறும் சிறந்த வெளிநாட்டு மொழிப் படப் பிரிவுக்கு இந்தியாவின் அதிகாரபூர்வத் தேர்வாகப் போனவை. ஒன்றுக்கும் நாமினேஷன் கிடைக்கவில்லை. அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு நாமினேஷன் வாங்கித் தந்தவை ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’ மூன்றுதான். மூன்றுமே பரிசை வாங்கவில்லை, ஆனால் இன்றும் அந்தப் பெயர்களை ஊர் சொல்கிறது. நாமினேஷன் என்பதே ஒரு மரியாதை. ஐந்து பேரில் நான்கு பேர் வெறுங்கையோடு திரும்பினாலும் அவர்கள் பெயர் ஏட்டில் நிற்கிறது.

நம் தேசிய விருதில் எனக்குத் தீராத மனக்குறை இங்கேதான். வட்டார நடுவர் குழுக்கள் படங்களைப் பார்த்து, தகுதியானவற்றைத் தில்லியிலுள்ள மத்தியக் குழுவுக்குப் பரிந்துரைக்கின்றன. தமிழும் மலையாளமும் ஒரே குழுவில் வருகின்றன. அதாவது நாமினேஷன் பட்டியல் ஒன்று உண்மையில் தயாராகிறது. ஆனால் அது நமக்கு அறிவிக்கப்படுவதில்லை. வென்றவர் பெயர் மட்டும் வருகிறது.

‘முதல் மரியாதை’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ஆம் ஆண்டுக்கான விருதில் அது சிறந்த தமிழ்ப் படம். வைரமுத்துவுக்கு முதல் தேசிய விருதும் அதில்தான். இசை விருதும் இளையராஜாவுக்கே, ஆனால் ‘சிந்து பைரவி’க்காக. சிறந்த நடிகர் விருது ‘நியூ டெல்லி டைம்ஸ்’ படத்துக்காக சசி கபூருக்குப் போனது. ‘முதல் மரியாதை’யின் நாயகன் சிவாஜி கணேசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கடைசிவரை கிடைக்கவேயில்லை. சசி கபூரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் நல்ல நடிகர். ஏல மையத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஒரு தடவை கேட்டான்: “அண்ணே, சிவாஜி ஜெயிக்கலன்னா கூட விடுங்க. கடைசி அஞ்சு பேர்ல அவர் இருந்தாரா இல்லையான்னாவது நமக்குத் தெரிய வேணாமா?” அந்தக் கேள்விக்குப் பதில் எந்த ஏட்டிலும் கிடையாது. மலைச்சாமியாக அந்த மனிதர் நடந்ததையும் குனிந்ததையும் பார்த்தவர்களுக்கு அது சின்ன வருத்தமில்லை.

அடுத்தது ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, 2018 ஆகஸ்டில் வந்த படம். எங்கள் மலையடிவாரத்து நிலமில்லாத சுமைகூலி ஒருவர், மலையேறி இறங்கிச் சம்பாதித்துக் கையளவு நிலம் வாங்கப் படும் பாடுதான் கதை. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். அவரே பிறகு மம்மூட்டி நடித்த ‘நண்பகல் நேரத்து மயக்க’த்தையும் படம்பிடித்தார், அந்தப் படம் 2022-ஆம் ஆண்டுக்கான கேரள மாநில விருதுகளில் சிறந்த படமானது. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யின் ஒளிப்பதிவைப் பாருங்கள்: இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் பின்னாலேயே கேமராவும் ஏறுகிறது, மூச்சு வாங்குகிறது. ஏலக்காய் மூட்டை எங்கள் கடைக்கு வந்து சேருமுன் எத்தனை முதுகுகளைக் கடக்கிறது என்று அந்தப் படம் காட்டியதுபோல் வேறெதுவும் காட்டவில்லை. ஒளிப்பதிவு, இயக்கம் இரண்டிலும் அதை என் நோட்டில் எழுதினேன், இன்றும் எழுதுவேன். தேசிய விருது அறிவிப்பில் அதன் பெயர் எந்தப் பிரிவிலும் வரவில்லை. மத்தியக் குழு வரை போய்க் கைநழுவியதா, வட்டாரக் குழுவிலேயே நின்றுவிட்டதா? அந்த வித்தியாசம் அடுத்த படத்துக்குப் பணம் தேடும் இயக்குநருக்குப் பெரியது. ‘கடைசிச் சுற்று வரை போன படம்’ என்ற ஒரு வரி, தயாரிப்பாளர் வீட்டுக் கதவைத் திறக்கும்.

செய்ய முடியாத காரியமா இது? ஆஸ்கருக்கு இந்தியப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் 2024 தேர்வைப் பாருங்கள். ‘லாபதா லேடீஸ்’ தேர்வானது. போட்டியிலிருந்த 29 படங்களின் பெயர்களும் கூடவே தெரியவந்தன. ‘மகாராஜா’, ‘கொட்டுக்காளி’, ‘வாழை’, ‘ஜமா’, ‘தங்கலான்’, ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ என்று ஆறு தமிழ்ப் படங்கள் அதில் இருந்தன. ‘ஜமா’வைக் கேள்விப்படாத எத்தனையோ பேர் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தேடியிருப்பார்கள்; எங்கள் கடையிலேயே ஒரு பையன் அன்று ராத்திரி அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் தெருக்கூத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

தேசிய விருதிலும் வட்டாரக் குழுக்கள் பரிந்துரைக்கும் படங்களின் பெயர்களை, மத்தியக் குழு படம் பார்க்க உட்காரும் நாளிலேயே வெளியிடலாம். இதற்குச் சட்டம் திருத்த வேண்டாம், செலவும் கிடையாது. ஏற்கெனவே எழுதிக் கையெழுத்தான தாள்தான் அது.