வேலி மரத்தில் பூங்கொடி

இடம்பெயர்ந்து கிடைத்த சிறு துண்டுக் காணியில் தோட்டம் செய்வோருக்கு நிலம் போதாது என்பதே பெருங்கவலை. வேலியோர மரங்களில் கொடிகளை ஏற்றினால் அதே நிலத்தில் பூவும் கறியும் தீனும் பெறலாம். சொந்தக் காணிக்குத் திரும்பியோர், கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தாத நிலத்தில் மண்வெட்டி வைக்கவேண்டாம்.

எந்த மரம்?

பூவரசு, முள்முருக்கு, கிளிசரியா என்பன ஏற்றவை. இவை வெட்ட வெட்டத் தளிர்ப்பதால் நிழலைக் கட்டுப்படுத்தலாம். மரம் இல்லாதோர் மாரி தொடங்கும்போது 5 அல்லது 6 அடிக் கிளிசரியாக் கதியால்களை நட்டு, அவை வேரூன்றிய பின் கொடியை விடலாம். இளம் மா, தேசி மரங்களில் ஏற்றக்கூடாது. கொடி மூடினால் இலைக்கு வெளிச்சம் கிடையாது, மரம் நலிந்துவிடும். தென்னை, பனையில் ஏறுவோருக்குக் கொடி இடைஞ்சலாகும்.

எந்தக் கொடி?

முல்லை: முற்றிய தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கலாம். பூவைச் சரமாகக் கட்டி விற்கலாம்.

சங்குப்பூ: அவரை இனம். வேர் முடிச்சுகள் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும். ஆடு, மாடு விரும்பித் தின்னும். விதைத்தோல் கடினமானது. ஓரிரவு நீரில் ஊறவைத்து நடுக.

சிறகவரை: பூ, பிஞ்சுக்காய், இளம் இலை மூன்றும் கறிக்கு உதவும்.

நடும் முறை

அடிமரத்துக்கு அருகே நட்டால் மரவேர் நீரையும் பசளையையும் இழுத்துவிடும். ஆகவே 3 அடி தள்ளி, வெயில் படும் பக்கத்தில் ஒன்றரை அடிக் குழி வெட்டி, உக்கிய எருவும் மேல்மண்ணும் இட்டு நடுக. கும்பத்தடி அல்லது தும்புக்கயிறு வழியே கொடியைக் கிளைக்குக் கொண்டு செல்லலாம். கம்பியால் கட்டினால் மரம் பருக்கும்போது பட்டை அறுபடும். வெட்டிய கிளிசரியாக் குழையை அடியில் பரப்பினால் ஈரம் காயாது, உக்கிப் பசளையுமாகும். பூத்து முடிந்ததும் முல்லை நுனிகளை வெட்டி, கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருங்கள்.

ஓர் எச்சரிக்கை

மாரியில் பற்றைகளில் தானாக முளைக்கும் கார்த்திகைப்பூக் கொடி அழகானது. ஆனால் கிழங்கு முதல் விதை வரை நஞ்சு. வற்றாளைக் கிழங்கென எண்ணி உண்டவர்கள் இறந்ததுண்டு. பிள்ளைகளுக்கு இதைக் காட்டி விளக்குங்கள். தவறி உண்டவரை, வருத்தம் தெரியாவிட்டாலும், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

இந்த மாரியில் ஒரு மரத்துக்கு ஒரு கொடி போதும். அதன் வளர்ச்சியைப் பார்த்து அடுத்ததை நடலாம்.